ஆவாரஞ்செடியைப் பார்த்து உட்கார்ந்த கீரி

காட்டுக்குளத்தின் கீழ்க்கரையில் ஒரு சடுகுடு அணி இருந்தது. கீரி, முயல், தவளை, உடும்பு என்று நாலு பேர். கீரிதான் தலைவன். அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகம் சத்தம் போடுகிறவன் தலைவன் ஆவது பல இடங்களில் உள்ள வழக்கம்தானே, இங்கேயும் அப்படி ஆகிவிட்டது.

கீரி நன்றாகவே ஆடும். பாடிப் போனால் எதிரணியில் யாரையாவது தொடாமல் திரும்பாது. மற்றவர்களும் தன்னைப் போலவே ஆட வேண்டும் என்று நினைத்தது. ஆடாவிட்டால் திட்டியது. திட்டியும் போதாமல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்டத்தில் அவுட்டாகி வெளியே போகிறவர், ஓரத்தில் நிற்கும் ஆவாரஞ்செடியைப் பார்த்து, ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். தன் பக்கம் ஒரு புள்ளி எடுத்து மறுபடி உள்ளே அழைக்கும்வரை தலையைத் திருப்பக் கூடாது.

“வெட்கம் இருந்தாத்தான் வெற்றி வரும்,” என்றது கீரி.

வெட்கம் வந்தது. வெற்றிதான் வரவில்லை.

மழைக்காலத்தில் விடிய விடியக் கத்துகிற தவளைக்கு, பாடிப் போகும்போது பாதி வழியில் மூச்சு முட்டியது. முயலுக்கு எதிரே நிற்பவர்களைவிட ஆவாரஞ்செடிதான் பெரிதாகத் தெரிந்தது. உடும்போ, பிடித்தால் விடாத குலத்தில் பிறந்துவிட்டு, பிடிக்கவே பயந்தது. பிடித்து நழுவவிட்டால்தானே திட்டு? பிடிக்காமலே இருந்துவிட்டால், ஆள் கிட்டவே வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

கீரிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஒரு சோம்பேறிக் கூட்டம் தன் தலையில் வந்து விடிந்திருக்கிறது என்று நொந்துகொண்டது. பயிற்சிக்கு ஒவ்வொருவரையும் பொந்து பொந்தாகப் போய் இழுத்து வந்தது.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. விடியற்காலையில் முதலில் இறங்குகிறவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். பின்னால் வருகிறவர்களுக்குச் சேறுதான். யார் முதலில் இறங்குவது என்று இரண்டு கரைக்கும் தகராறு முற்றியது. கடித்துக்கொண்டு சாவதற்குப் பதில் சடுகுடு ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். ஆட்டத்தன்று யாரும் யாரையும் தின்னக் கூடாது என்றும் ஒப்பந்தம் ஆனது. கொக்கு நடுவர். ஒற்றைக்காலில் அசையாமல் நின்று கோட்டையே பார்க்க அதைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? பனைமரத்தின் நிழல் நடுக்கோட்டைத் தொட்டதும் ஆட்டம் முடியும்.

மேல்கரை அணிக்கு நரி தலைவன். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பாடி வந்த மரநாய் யாரையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பியபோதும் நரி அதன் முதுகில் தட்டித்தான் கொடுத்தது. கீரி முகம் சுளித்தது. இவர்கள் ஆட வந்தார்களா, விருந்துக்கு வந்தார்களா?

கீழ்க்கரையில் தவளை முதலில் பாடிப் போனது. பாதியில் மூச்சு விட்டது. கீரி பார்த்த பார்வையில், மறுபேச்சில்லாமல் செடியடிக்குப் போய் உட்கார்ந்தது. அடுத்து முயல் போனது. பாய வேண்டிய இடத்தில் தயங்கி நின்றது. மேல்கரைக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள். அதுவும் செடியடிக்குப் போனது.

இனி நான் ஒருவன்தான் என்று கீரி பல்லைக் கடித்துக்கொண்டு பாடிப் போனது. “சடுகுடு சடுகுடு” என்று புகுந்து காட்டுப்பூனையின் காலைத் தொட்டது. அவர்கள் வளைத்தார்கள், இது நெளிந்து வெளியே வந்தது. நடுக்கோட்டுக்கு இன்னும் ஒரே எட்டு. அப்போது கண்ணில் பட்டது. முயல் தலையைத் திருப்பி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது!

“டேய், அந்தப் பக்கம் திரும்புடா!”

பாட்டு அறுந்தது. கொக்கு சிறகை உயர்த்தியது. தொட்ட புள்ளியும் போயிற்று, எதிரணிக்கு ஒரு புள்ளியும் ஆயிற்று. கீரி அவுட்.

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கீரிக்கு. காது மடல் சுட்டது. இரண்டு கரையும் பார்த்துக்கொண்டிருக்க, தானே நடந்துபோய் முயலுக்கும் தவளைக்கும் நடுவில் உட்கார்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா?

உட்கார்ந்த பிறகுதான் அந்தச் செடியை முதல்முறையாகப் பார்த்தது. மேலே கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. கீழே, உட்கார்ந்தவர் வாய்க்கு எட்டும் உயரத்தில், ஓர் இலை இல்லை. வெறும் குச்சி. தரையெல்லாம் நகத்தால் கீறிய கோடுகள்.

“இதை யாருடா இப்படி மொட்டையடிச்சது?”

“நான்தாண்ணே,” என்றது முயல். “இங்க வந்து உட்கார்ந்தா பயத்துல என்னத்தைக் கடிக்கிறேன்னே தெரியாது. தரையைக் கீறினது உடும்பு.”

எத்தனை மாலைகள் தான் அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்! இப்போது அதன் நெஞ்சும் படபடத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தன்னால்தான் அணி தோற்கப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

தவளை மெதுவாகச் சொன்னது: “மொத தடவை வர்றீங்கல்ல, அப்படித்தாண்ணே இருக்கும். மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க. நாங்க அப்படித்தான் சமாளிக்கிறோம்.”

அதில் துளியும் கேலி இல்லை. அதுதான் கீரியைக் கொன்றது. தவளை இங்கே உட்கார்ந்த ஒரு நாளாவது தான் இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா? மூச்சை இழுத்தது. விடும்போது கண் கலங்கிவிட்டது.

“எல்லாரும் திரும்புங்க,” என்றது. “ஆட்டத்தைப் பார்ப்போம். இப்படி ஒரு சட்டம் போட்டதுக்கு எனக்கே வெட்கமா இருக்கு.”

மூவரும் திரும்பினார்கள். உள்ளே உடும்பு மட்டும் தனியாக நின்றது. காட்டுப்பூனை பாடி வந்துகொண்டிருந்தது. உடும்பு பழக்கப்படி பின்வாங்கியது. பின்வாங்கிக்கொண்டே செடியின் பக்கம் பார்த்தது. மூன்று முகங்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டு திகைத்தது. கீரியின் நாக்கு நுனியில் ஒரு திட்டு வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டது.

“நழுவினாலும் பரவாயில்லடா, பிடிச்சுப் பாரு!”

உடும்பு பிடித்தது. பிடி என்றால் அது பிடி! காட்டுப்பூனை இழுத்தது, உருண்டது, கடைசியில் மூச்சு விட்டது.

முதலில் வெளியே போன தவளை இப்போது உள்ளே வந்தது. பாடிப் போகுமுன் வழக்கம்போலப் பயத்தோடு கீரியைத் திரும்பிப் பார்த்தது. கீரி மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக் காட்டியது. தவளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு பாடத் தொடங்கியது. அடைமழை நாளில் பாடுகிற பாட்டு அது, லேசில் முடிகிறதா? மூச்சு விடட்டும் என்று காத்திருந்து காத்திருந்து நரி அசந்துபோனது. அதன் முதுகைத் தொட்டுவிட்டுத் தவளை தாவித் திரும்பியது. முயலும் உள்ளே வந்தது. மேல்கரையிலிருந்து ஒருவர் பாடி வந்து வெறுங்கையோடு திரும்பினார். முயல் பாடிப் போகக் காலெடுத்து வைத்த நேரம், பனைமரத்தின் நிழல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது.

கீழ்க்கரை ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அது எந்தப் புள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் காலை, மேல்கரைக்காரர்கள் குடித்துவிட்டுப் போன பிறகு, நால்வரும் பள்ளத்தில் இறங்கினார்கள். கீரி எல்லோருக்கும் பின்னால் நின்றது. தன்னால்தான் இந்தச் சேற்றுத் தண்ணீர் என்றது. தலைவனாக இருக்கத் தனக்குத் தகுதியில்லை என்றது. நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உடும்பு மூக்கில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டது. “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ணே. சாயந்திரம் ஆடலாமா?”

இத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. கீரிக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. ஆடலாம் என்று தலையை ஆட்டியது.

அடுத்த மழைக்கு ஆவாரஞ்செடி அடியிலிருந்து துளிர்த்தது. அந்த இலைகளைக் கடிக்க அங்கே யாரும் உட்காரவில்லை.

தவறியவனைத் தலைகுனிய வைக்கிறவன் தன் அணியைத் தானே தோற்கடிக்கிறான்.