பன்னிரண்டாம் படி

கொன்றைக்கோட்டை ராஜ்யத்தில் ஒரு வழக்கம். பட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு ராஜாவும் சிங்காசன மேடைக்கு ஒரு படி கூட்டிவிட வேண்டும். தகப்பனை விட மகன் ஒரு படி மேல் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? கூட்டாதவன் தகப்பனுக்கு இளைத்தவன். எந்த ராஜா இளைக்கச் சம்மதிப்பான்? இப்படியே பதினொரு தலைமுறை, பதினொரு படி.

அந்தப் படிகள் அரண்மனைக்குள், மேடைக்குப் பின்னால் இருந்தன. ஜனங்கள் நிற்கிற முன்பக்கம் வெறும் சுவர்தான். நெடுமேகராயர் காலத்தில், அவர் கிரீடத்துக்கும் கூரை உத்தரத்துக்கும் நடுவே ஒரு பல்லி போகலாம். கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டு போக வேண்டும். வெண்கொற்றக் குடையைப் பாதிக்கு மேல் விரித்ததே இல்லை. கீழே பேசுவது மேலே கேட்காது. நடுவில் ஒரு கட்டியக்காரன் நின்று எடுத்துச் சொல்வான்.

ஒருநாள் காத்தவராயன் என்ற உழவன் வந்து, வாய்க்கால் தூர்ந்து போனதையும் பயிர் கருகுவதையும் சொல்லி வெகுநேரம் அழுதான். கட்டியக்காரன் மேலே பார்த்துக் கூவினான்.

"வாய்க்காலாம், மகாராஜா!"

"இருக்கட்டும்!" என்றார் ராஜா.

நியாயம் முடிந்தது.

நெடுமேகராயருக்கு முழங்கால் போய்விட்டது. மகன் சேந்தனுக்கு முடிசூட்டிவிட நினைத்தார். சிக்கல் என்னவென்றால், சேந்தன் தகப்பனை விட ஒரு தலை உயரம். இதில் இன்னொரு படியும் வந்தால்?

"அடுத்த ராஜாவுக்குக் கிரீடம் வேண்டாம், கூரையில் ஒரு துளை போதும்" என்று சபையின் விகடகவி உத்தண்டி யாரிடமோ சொல்லிச் சிரித்தான். அந்த யாரோ தளவாய் சிங்கராயரின் ஆள். சாயங்காலத்துக்குள் விஷயம் ராஜா காதுக்கு ஏறிவிட்டது. கோள் மட்டும் எத்தனை படியானாலும் ஏறிவிடும்!

"ஏன் உத்தண்டி, வாய் நீளுதோ?" என்றார் ராஜா. "நீயே வழி சொல். படி கூட வேண்டும். என் மகன் தலை குனியக் கூடாது. கூரையும் உயரக் கூடாது. கோயில் கோபுரத்தை மிஞ்சி இந்த ஊரில் ஒரு ஓடும் இருக்கக் கூடாது, தெரியுமில்லையா?"

"முடியாவிட்டால், மகாராஜா?" என்று தளவாய் எடுத்துக்கொடுத்தார்.

"கழுதை மேல் ஏற்றி எல்லையில் இறக்கிவிடுங்கள்."

தளவாய்க்கு எவ்வளவு உற்சாகம் தெரியுமா? அன்றைக்கே கழுதையை வாங்கி உத்தண்டி வீட்டு வாசலில் கட்டிவிட்டார்.

உத்தண்டிக்குச் சோறு இறங்கவில்லை. வாயால் பிழைத்தவன் வாயாலேயே கெட்டேனே என்று புலம்பினான். விடிந்ததும் குளத்துக்குப் போனான். அவன் மனைவி செங்கமலம் அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பார்த்து வாங்க. இன்னிக்கு ஒரு படி கூடியிருக்கு."

"படி கூடியிருக்கா? யார் கட்டினா?"

"யாரும் கட்டலை. வாய்க்கால்ல வரத்து இல்லை, தண்ணி இறங்கிடுச்சு. தண்ணி வேணும்னா இன்னும் ஒரு படி நாமதானே இறங்கணும்?"

உத்தண்டி கால் நனைக்காமலே திரும்பினான். வழியில் கழுதையைப் பார்த்து, "கொஞ்சம் பொறு, உனக்கும் வேலை இருக்கு" என்றான்.

முடிசூட்டு நாள். மேடையில் திரை தொங்கியது. நெடுமேகராயர் முதன்முறையாகக் கீழே, ஜனங்களோடு உட்கார்ந்திருந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"அடேய், இங்கிருந்து பார்த்தால் ராஜாவின் உள்ளங்கால்தான் தெரியும் போலிருக்கே! இத்தனை வருஷமும் என்னை இப்படித்தான் பார்த்தீர்களா?"

சிலர் இருமினார்கள்.

திரை விலகியது. சேந்தன் பின்னாலிருந்து ஏறினான். சபை காலடிச் சத்தத்தை எண்ணியது. ஒன்பது, பத்து, பதினொன்று. மேலே நின்றவன், குனிந்த தலையோடு, முன்பக்கச் சுவரை வெட்டிச் செதுக்கியிருந்த புதுப் படியில் ஓர் அடி இறங்கினான். அங்கேதான் சிங்காசனம். உட்கார்ந்து நிமிர்ந்தான். தகப்பன் தலை இருந்த அதே உயரத்தில் மகன் தலை. பல்லிக்கும் பாதை இருந்தது.

"மோசம்!" என்று தளவாய் குதித்தார். "படி கூட்டச் சொன்னால் இறக்கிவிட்டான்!"

"எண்ணிப் பாருங்கள், தளவாய் அவர்களே. பன்னிரண்டு இருக்கிறதா, இல்லையா? கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லையே."

அதற்குள் கூட்டத்தில் காத்தவராயன் மறுபடி அழ ஆரம்பித்தான். கட்டியக்காரன் தொண்டையைச் செருமினான். அவனை முந்திக்கொண்டு மேலேயிருந்து குரல் வந்தது:

"எந்த வாய்க்கால்? எவ்வளவு தூரம் தூர்ந்திருக்கு?"

காத்தவராயன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். ஒரு படிக்கே இப்படியா!

நெடுமேகராயர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "உத்தண்டி, பேரன் ஒரு படி, அவன் மகன் ஒரு படி... இப்படியே கூட்டிக்கொண்டு வந்தால் என் வம்சம் ஒருநாள் தரைக்கு வந்துவிடுமே?"

"வந்துவிடும், மகாராஜா."

"தரையில் உட்கார்ந்தால் ராஜா யார், குடியானவன் யார் என்று எப்படித் தெரியும்?" என்று தளவாய் சீறினார்.

"தெரியாதவரைக்கும் நல்லது" என்றான் உத்தண்டி. "கோபத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கும் தெரியாது."

சபை சிரித்தது. பெரிய மகாராஜா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"தரைக்கு வந்தவனுக்கும் ஒரு மகன் பிறப்பானே. வழக்கம் வழக்கம்தானே? அவன் தன் படியை எங்கே போடுவான்?"

உத்தண்டி கைகட்டி நின்றான். ஜனங்கள் வந்து போகிற பெரிய வாசலைக் கண்ணால் காட்டினான்.

"அதோ, அந்த வாசலில் போடட்டும், மகாராஜா. ஊர் எப்படி இருக்கிறதென்று வெளியே இறங்கிப் பார்க்கட்டும்."

நெடுமேகராயர் ஒரு கணம் வாசலையே பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! உத்தரத்துப் பல்லி தொப்பென்று கீழே விழுந்தது, தளவாயின் தலைப்பாகை மேல்.

தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். "அது சரி, கழுதை வாங்கியாயிற்றே, அதை என்ன செய்ய?"

"வாய்க்கால் தூர்வார ஆள் போகிறது, மகாராஜா. மண் சுமக்க ஆகும். ஓட்டிக்கொண்டு போகத் தளவாயும் இருக்கிறார்."