டிக்கெட் பணம் திரும்பி வந்த விதம்

திண்டுக்கல்லில் குழந்தைவேலு என்பவரின் வீட்டில் சந்தேகம் நெடுநாளாகக் குடியிருந்தது. வாடகை கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. படுக்கப் போகுமுன் கேஸை மூடியாயிற்றா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வரும். காய்கறிக் கடையில் தராசுக்கு அடியில் குனிந்து பார்க்கும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது கூப்பிட்டால், "எந்தக் கிளை?" என்று முதலில் கேட்பது அதுதான். குழந்தைவேலு மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி இந்திராணியும் இதுவரை யாரிடமும் பெரிதாக ஏமாந்ததில்லை என்றால், அதில் சந்தேகத்துக்கும் பங்கு உண்டு.

அவர்களுடைய ஒரே மகள் யாழினி புனேயில் இருந்தாள். அவள் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது.

"ரயில்ல வந்து இடுப்பை ஒடிச்சுக்காதீங்கப்பா. பிளைட்ல வந்துடுங்க" என்றாள்.

குழந்தைவேலு கைப்பேசியில் ஒரு பயண இணையதளத்தைத் திறந்தார். தளம் வாசலிலேயே நின்றிருந்ததுபோல் ஓடி வந்தது.

"வாங்க, வாங்க! உங்களுக்காகவே ரெண்டு சீட்டு வெச்சிருக்கேன். ரெண்டே ரெண்டுதான் பாக்கி. இந்த நிமிஷம் பதினேழு பேர் அதையே பார்த்துட்டிருக்காங்க."

"யாரு அந்தப் பதினேழு பேர்?" என்றது சந்தேகம், குழந்தைவேலுவின் தோளுக்கு மேலிருந்து.

"நீ சும்மா இரு. சீட்டு போயிடப் போகுது" என்றார் அவர்.

"எடுக்க வேண்டாம்னு சொல்லலையே. பிளைட் ரத்தாச்சுன்னா பணம் எப்படி வரும்னு ஒரு வார்த்தை கேளுங்க."

தளம் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. "முழுப் பணமும் திரும்ப வரும். கவலையே வேண்டாம்." எந்த வழியில் வரும் என்று அது சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு குறிப்பிட்ட வங்கியின் கார்டில் கட்டினால் தள்ளுபடி என்று தளம் சொன்னது. அந்தக் கார்டு மருமகன் திருமாறனிடம் இருந்தது. போன் செய்ததும் அவன் கார்டு எண்ணைச் சொன்னான். தன் போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் தயங்காமல் படித்துக் காட்டினான்.

"பணத்தை மெதுவாக் குடுங்க மாமா. என்ன அவசரம்?"

குழந்தைவேலு அன்றைக்கே அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையிடம் கடன் வைப்பது அவருக்குப் பிடிக்காது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் செய்தி வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் விமானம் ரத்து. வேறு விமானத்துக்கு விலை கேட்டபோது மூன்று பங்கு சொன்னார்கள். பிறந்தநாளன்று இந்திராணி புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, கைப்பேசித் திரையில் பேரன் கேக்கில் கையை விடுவதைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள்.

நாட்கள் போயின. பணம் வரவில்லை. குழந்தைவேலு தளத்தைக் கூப்பிட்டார்.

"அனுப்பிட்டோமே!" என்றது தளம்.

"எங்கே அனுப்பினீங்க?"

"எங்கிருந்து வந்ததோ அங்கேயே."

விமானக் கம்பெனியைக் கூப்பிட்டார். "நாங்க தளத்துக்கிட்ட அன்னைக்கே குடுத்துட்டோம். அவங்களைக் கேளுங்க" என்றது கம்பெனி. திரும்பவும் தளத்தைக் கூப்பிட்டார். இப்போது தளம் நேரில் வரவில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் பதிவு செய்த குரல் ஒன்று, "உங்கள் பணம் திரும்பச் செலுத்தப்பட்டுவிட்டது" என்று அதே ராகத்தில் சொன்னது.

சந்தேகம் வேலையில் இறங்கியது. முதலில் நியாயமாகத்தான் ஆரம்பித்தது. கம்பெனியின் கதவைப் போய்த் தட்டியது, தளத்தின் கதவைத் தட்டியது. ஆனால் சந்தேகத்துக்கு உற்றுப் பார்க்க ஒரு முகம் வேண்டும். கண் எங்கே போகிறது, வாய் எங்கே குழறுகிறது என்று பார்த்தால்தான் அதற்குப் பிழைப்பு. பதிவு செய்த குரலுக்கு முகம் இல்லை. பசியோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, குழந்தைவேலுவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எங்கிருந்து வந்ததோ அங்கேயேன்னு சொன்னாங்களே" என்றது. "அது யாரோட கார்டு?"

"வாயை மூடு" என்றார் குழந்தைவேலு.

மூடிக்கொண்டது. ஆனால் சாப்பிடும்போது எதிரிலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தது.

"யாழினி அனுப்பின போட்டோவில சுவர் நிறைய ஒரு டிவி இருந்ததே. அது போன மாசம் இல்லையே?"

அன்று சாயங்காலம் அவர் இந்திராணியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "பணம் அந்தக் கார்டுக்குத்தான் போயிருக்கணும்னு சொல்றாங்க."

இந்திராணி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, கல்யாணத்துல இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்தை கேக்காத பிள்ளைங்க அது."

"நான் என்ன திருடன்னா சொன்னேன்? கேக்கறதுல என்ன தப்பு?"

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தைகள் சந்தேகம் தன் காதில் போட்டவை என்பது அவருக்கே தெரிந்தது. அதற்குள் அவர் கை போனை எடுத்துவிட்டது.

"மாப்பிள்ளை, அந்த டிக்கெட் பணம் உங்க கார்டுக்கு வந்துட்டதா சொல்றாங்க."

"வரலையே மாமா. வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"இல்ல, வேலை மும்முரத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஸ்டேட்மெண்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்களேன். வந்ததை மறந்திருக்கலாமில்ல?"

"சரி மாமா" என்றான் திருமாறன்.

சற்று நேரத்தில் குழந்தைவேலுவின் பென்ஷன் கணக்கில் பணம் விழுந்தது. டிக்கெட் பணம் முழுவதும். அனுப்பியவர் பெயர் திருமாறன். கூட ஒரு வார்த்தைகூட இல்லை.

சந்தேகம் குதித்து எழுந்தது. "பார்த்தீங்களா! கேட்டதும் வருது பாருங்க. கேக்கலைன்னா வந்திருக்குமா?"

குழந்தைவேலு தலையாட்டினார். அன்று சந்தேகத்துக்கு நல்ல சாப்பாடு. அதன் பிறகு யாழினி அம்மாவிடம் மட்டும் பேசினாள். "அப்பா இருக்காரு, குடுக்கட்டுமா?" என்று கேட்டால், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாள். "குற்றமுள்ள நெஞ்சு" என்று விளக்கம் சொன்னது சந்தேகம்.

பேரனைப் பார்க்காமல் இந்திராணிக்கு இருக்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம், ரயிலிலாவது போய் வரலாமா என்று பார்க்க, கணவரின் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்தாள். ஒரு மூலையில் சின்னதாக ஒரு பையின் படம் இருந்தது. தொட்டாள். பை திறந்தது. உள்ளே பணம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீ யாரு?"

"உங்க டிக்கெட் பணம்தாம்மா."

"நீ எப்ப வந்தே?"

"பிளைட் ரத்தான மறுநாளே வந்துட்டேன்."

"வந்தவன் வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"விட மாட்டேங்கறாங்களே. இந்தப் பைக்குள்ளேயே இருக்கணுமாம். நீங்க இவங்ககிட்டயே இன்னொரு டிக்கெட் எடுத்தாத்தான் நான் வெளியே வரலாம். அடுத்த மாசத்துக்குள்ள எடுக்கலைன்னா நான் காலாவதி." பணம் குரலைத் தாழ்த்தியது. "உங்க மாப்பிள்ளை பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கலைம்மா."

இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தளத்தைக் கூப்பிட்டாள். பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். பதிவுக் குரல் முடியும்வரை காத்திருந்தாள். கடைசியில் தளமே வந்தது.

"ரத்து பண்ணினது நாங்க இல்லை, கம்பெனி" என்றாள் இந்திராணி. "எங்க பணத்தை உன் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, குடுத்தாச்சுன்னு எப்படிச் சொல்றே?"

"எங்கள் விதிமுறைப்படி…"

"உன் விதிமுறை உன்கிட்ட இருக்கட்டும். பணம் எங்க கைக்கு வந்தாத்தான் வந்ததுன்னு அர்த்தம்."

அவள் நுகர்வோர் புகார் எண்ணுக்குப் போன் போட்டாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, மறுபடியும் போட்டாள். ஒரு நாள் தளம் தானாகவே கூப்பிட்டது. தேனாகப் பேசி வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த வாரமே பணம் பையை விட்டு வெளியே வந்து, குழந்தைவேலுவின் கணக்கில் இறங்கியது.

அங்கே ஏற்கெனவே ஒரு பணம் உட்கார்ந்திருந்தது.

"நீ யாரு?" என்றது வந்த பணம்.

"டிக்கெட் பணம்."

"டிக்கெட் பணம் நான் ஒருத்தன்தானே?"

இருந்த பணம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என்னைக் கேட்டாங்க. வந்தேன்."

குழந்தைவேலு இரண்டையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இந்திராணி பக்கத்தில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் திரும்பி, "இப்ப என்ன சொல்றே?" என்று சந்தேகத்தைக் கேட்டார். அது உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. வீடெல்லாம் தேடினார். எப்போது கிளம்பிப் போனது, எங்கே போனது என்று தெரியவில்லை. போனது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

திருமாறனின் பணத்தை அவனுக்கே திருப்பி அனுப்பினார். பிறகு கூப்பிட்டார். மணி நீளமாக அடித்தது.

"சொல்லுங்க மாமா."

"மாப்பிள்ளை, அந்தப் பணம் வெப்சைட்காரன்கிட்டயேதான் இருந்திருக்கு. உங்க அத்தைதான் சண்டை போட்டு வாங்கினா. நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா."

"உங்க பணத்தை இப்பத்தான் போட்டேன். முழுசும்."

அந்தப் பக்கம் திருமாறன் பதில் சொல்லுமுன், அவன் தோளுக்கு மேலிருந்து யாரோ தணிந்த குரலில் என்னவோ சொல்வது கேட்டது. குழந்தைவேலுவுக்கு அது நன்றாகப் பழகின குரல்.

"சரிங்க மாமா" என்றான் திருமாறன், ரொம்ப மரியாதையாக. "எதுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க."