நேற்றே ரிட்டையர் ஆனவர்

மென்பொருள் கம்பெனி மேலாளர் கோதண்டபாணிக்கு அன்று பணி ஓய்வு நாள். போகிற போக்கில் ஒப்பந்த ஊழியர் எஸ்தரின் வேலைக்கு உலை வைத்தார்.

"நீ லீவு கேட்டது பதினொண்ணாம் தேதின்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. பன்னிரண்டாம் தேதி ஏன் வரலை?"

"நான் கேட்டதே பன்னிரண்டுக்குத்தான் சார். நீங்க எழுதின ஜாவா புரோகிராம்ல வெறும் தேதி போதுங்கிற இடத்துல நள்ளிரவுன்னு நேரத்தையும் சேர்த்து வெச்சிருக்கீங்க. சர்வர் இருக்கறது அமெரிக்காவுல. நமக்கு நள்ளிரவுன்னா அங்கே இன்னும் முந்தின நாள். அதான் எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னாடியே விழுது."

"என் புரோகிராமையே குறை சொல்றியா? கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான்!" பணிநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

எஸ்தர் அதைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுல நீங்க நேத்தே ரிட்டையர் ஆயிட்டீங்க. வெளியாள் கையெழுத்து இங்கே செல்லாது சார்."