வால்வெள்ளி மறையுமுன்

தோள்பைக்குள் அடங்கும் ஒரு சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராய்ப் போய் ஜனங்களுக்கு வானத்தைக் காட்டிவந்தாள் சௌந்தரம் என்கிற ஆசிரியை. அவளுக்கு இரண்டு சீடர்கள். ஒருவர் குழந்தைவேல். வயதில் அவளைவிடப் பெரியவர். அந்தப் பையையும் ஸ்டாண்டையும் ஆண்டுக்கணக்காகச் சுமந்த தோள் அவருடையது. இன்னொருத்தி மரியபுஷ்பம். போன தை மாதம்தான் வந்து சேர்ந்தாள். அவள் வந்ததிலிருந்து குழந்தைவேலுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அன்று அமாவாசை. அந்தி மங்கியதும் ஊருக்கு வெளியே பாறைமேல் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். மேற்கே ஒரு வால்வெள்ளி. மலைக்குப் பின்னால் அது இறங்குவதற்குள் பார்த்தாக வேண்டும்.

“நாளைக்குத் திருவிழா. ஊரே இங்க வரும்,” என்றாள் சௌந்தரம். “இன்னைக்கு வாலைச் சரியாப் பார்த்துச் சொல்றவங்க நாளைக்குத் தொலைநோக்கிகிட்ட நின்னு காட்டட்டும். மத்தவங்க வரிசையைப் பார்த்துக்கட்டும். வால் ரொம்ப மங்கல். கண்ணு இருட்டுக்குப் பழகினாத்தான் தெரியும். வெள்ளை வெளிச்சம் ஒருதரம் பட்டாலும் போச்சு, மறுபடி மொதல்லேருந்து பழகணும். மங்கின சிவப்புன்னா பரவாயில்லை.”

வரிசையா? நேற்று வந்தவள் வானத்தைக் காட்டுவாள், நான் “தள்ளாதீங்க, தள்ளாதீங்க” என்று தொண்டை கிழியக் கத்த வேண்டுமா? குழந்தைவேல் ஸ்டாண்டின் திருகை வேண்டாமலே இன்னொரு சுற்று இறுக்கினார்.

புஷ்பம் முதலில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போய், சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சைப் பக்கத்தில் வைத்து, ஓர் அட்டையில் வரைய உட்கார்ந்தாள்.

‘பவிசைப் பாரு’ என்று நினைத்துக்கொண்டே குழந்தைவேல் குனிந்தார். பஞ்சுத் துணுக்குபோல் ஒரு தலை தெரிந்தது. வாலைக் காணோம். இவருக்கே காணோமென்றால் அவள் அங்கே என்னத்தை வரைகிறாள்?

மெல்ல அவள் முதுகுக்குப் பின்னால் போனார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. செல்போன் விளக்கைப் போட்டார்.

“ஐயோ, வெளிச்சம்ணே!” புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“செருப்பைத் தேடினேம்மா.”

“கால்லதானண்ணே கிடக்கு?”

அட்டையில் வால் இருந்தது. ஓடிவந்து மறுபடி குனிந்தார். இப்போது தலையையும் காணோம்.

“ஏம்மா, தொலைநோக்கியைத் தட்டிவிட்டுட்டியா?”

“நான் தொடவே இல்லையே.” அவள் எழுந்து வந்து, பொத்தியிருந்த கண்ணைத் திறந்து குனிந்தாள். “நடுவுலதாண்ணே நிக்குது. எவ்வளவு அழகா இருக்கு!”

அவள் குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் போதும். அட்டைக்குமேல் விளக்கைப் போட்டு, ஆற அமரப் பார்த்துக்கொண்டார் குழந்தைவேல்.

வால்வெள்ளி மலைக்குப் பின்னால் இறங்கியது.

“சொல்லுங்கண்ணே, என்ன பார்த்தீங்க?” என்றாள் சௌந்தரம்.

“வால் இடப்பக்கமாச் சாயுது டீச்சர். நுனியில லேசா ஒரு வளைவு. வாலுக்கு மேல ரெண்டு நட்சத்திரம். கீழே தனியா இன்னொண்ணு. அது கொஞ்சம் கலைஞ்சாப்ல, ஓரத்துல மயிர் மயிரா நீட்டிக்கிட்டு…”

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

“என்னம்மா?”

“அது கொசுண்ணே. வரையறப்போ கடிச்சுச்சு, அட்டையோட அடிச்சேன்.” சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது. “கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே அண்ணே.”

அந்தக் கடைசிச் சொல்தான் குழந்தைவேலுக்குத் தாங்கவில்லை.

“ஒரே தொலைநோக்கி, ஒரே வானம்!” என்று வெடித்தார். “இத்தனை வருஷமாச் சுமக்கிறவன் நான். நேத்து வந்தவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அவளுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக்குடுத்தீங்க டீச்சர்? இல்ல, என் கண்ணுலதான் ஏதாவது குறையா?”

சௌந்தரம் அட்டையை வாங்கி அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொசுவின் காலைக் கண்டுபிடிக்க அவளுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“கண்ணுல ஒரு குறையும் இல்லண்ணே,” என்றாள். “கொசுவோட கால் வரைக்கும் தெரியுது. நாளைக்கு அந்தக் கண்ணை எந்தப் பக்கம் வச்சுக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, தொலைநோக்கிகிட்ட உங்களையே நிறுத்துறேன்.”