நீலச் சால்வையும் ஒற்றை வாக்கும்

தீர்ப்புச் சொல்லுகிற எண்ணம் உள்ளவர்கள் அவசரப்படாமல் கேட்கவேண்டிய கதை இது.

கனடாவில், சஸ்காச்சுவான் சமவெளியில், மைசூர்ப் பருப்பு விளைகிற ஒரு தொகுதி. அங்கே நேசமலர் என்றொரு தாய் இருந்தாள். பக்கத்துக் காணி வால்டருடையது. அவளுடைய கணவன் சவிரிமுத்து கண்ணை மூடிய ஆண்டில், பருப்பு முற்றி நின்றபோது, யாரும் கேளாமலே தன் அறுவடை இயந்திரத்தை அவள் வயலில் கொண்டுவந்து இறக்கிய மனிதர் அவர்.

அந்த அறுவடைக்கு நடுவில்தான் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியோ வெகு தொலைவு. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. வால்டர் ஒரு கட்சி, நேசமலர் மற்றக் கட்சி.

"உங்கள் வாக்கை என் வாக்கு வெட்டிவிடும், மலர். பிறகேன் இரண்டு பேரும் அலையவேண்டும்? நீங்களும் போகவேண்டாம், நானும் போகவில்லை" என்றார் வால்டர். அவள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். மழைக்கு முன் பருப்பு வீடு வந்து சேர்ந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் வால்டர் வேலிக்கு வந்து, "இந்த முறையும்?" என்பார். "இந்த முறையும்" என்பாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு ஒரு தேர்தலில் அவளுடைய கட்சிக்காக மகள் அருளினியே போட்டிக்கு நின்றாள். அவள் மாட்டு வைத்தியர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் கை படாத தொழுவம் குறைவு. "மாடு கன்று போட என்னைக் கூப்பிடுற சனம், வாக்குப் போடேக்கையும் என்னை நினைக்குதோ பாப்பம்" என்று பகிடி விடுவாள்.

அந்த முறை வால்டர் வேலிக்கு வரவில்லை. நேசமலரும் போய்க் கேட்கவில்லை. அவர் பேசாமல் இருப்பதால் பழைய சொல் அப்படியே நிற்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

தேர்தல் அன்று காலை அருளினி தன் ட்ரக்கில் வந்தாள்.

"அம்மா, கெதியா வெளிக்கிடுங்கோ."

"நான் வரேல்லைப் பிள்ளை."

"என்ன பகிடியே?"

"வால்டருக்குச் சொன்ன சொல்லு இருக்கெல்லோ."

"இந்த முறை அந்தாள் கேட்டவரே?"

"கேக்கேல்லை. நான் மாட்டன் எண்டும் சொல்லேல்லை."

"அப்ப போன் எடுத்துக் கேளுங்கோவன்!"

"கேட்டா, அவரை நான் நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்."

அருளினி கையிலிருந்த ட்ரக் சாவியைப் பார்த்தாள். அவள் முகத்தைத் தாயால் பார்க்க முடியவில்லை.

"சரி. உங்கடை மனசுக்கு ஒவ்வாத வாக்கு எனக்கும் வேண்டாம். வடையையாவது தாங்கோ."

மகளுக்காக வேலை செய்த பிள்ளைகளுக்கென்று நேசமலர் விடியற்காலையிலேயே எழும்பிச் சுட்ட பருப்பு வடை அது. பெரிய பானையை முன் இருக்கையில் வைத்து, பட்டியால் இழுத்துக் கட்டி, சூடு ஆறாதிருக்கத் தன் நீலச் சால்வையால் மூடிவிட்டாள். காற்றடித்தால் தலையில் போட்டுக்கொள்கிற சால்வை. ஊருக்கே தெரியும்.

ட்ரக் வால்டரின் வயலோரமாகப் போய் மறைந்தது. நேசமலர் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆண்டவரே, பிள்ளையைக் கைவிட்டிடாதேயும்."

அருளினி தோற்றாள். நீதிபதிக்கு முன்னால் மறுபடி எண்ணியும் ஒரேயொரு வாக்கால் தோற்றாள்.

அந்தச் செய்தி வந்த பின்னேரம் வால்டர் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலே நின்றார்.

"பெற்ற தாயிடம் போய் இந்த முறையும் என்று எப்படிக் கேட்பேன், மலர்? கேட்காமல் விட்டால் உங்களுக்கு விடுதலை என்று நினைத்தேன். அன்றைக்கு ட்ரக்கில் உங்கள் சால்வை போவதைக் கண்டேன். நீங்கள்தான் போகிறீர்கள் என்று எண்ணி, நானும் போய் என் கட்சிக்குப் போட்டேன். நீங்கள் அங்கே இருக்கவே இல்லையாமே."

கதிரையில் கிடந்த சால்வையை நேசமலர் பார்த்தாள். வடை எண்ணெய் பட்ட இடம் இன்னும் போகவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லி, அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

தாய் சொல்லைக் காத்தாள். அயலவர் சொல் முடிந்துவிட்டது என்று நம்பிப் போனார். மகள் தாயை வற்புறுத்தாமல் விட்டாள். கேட்டவர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் நடந்துகொண்டது சரி?

விடை: மகள்தான். கேளுங்கோ என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்தி. தாய் மறுத்தபோது அந்த மறுப்பை மதித்தவளும் அவளே. வால்டர் சொல்லை முறிக்கவில்லை. ஆனால் சால்வையைப் பார்த்தவர் ஆளைப் பார்க்கவில்லை. நேசமலரும் பொய்யாக நடக்கவில்லை. இரண்டு பேருக்குச் சொந்தமான சொல்லை ஒருத்தியாகவே பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். ஆண்டவரிடம் அவ்வளவு நேரம் கேட்டவள், வேலிக்கு அங்காலே நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த தேர்தலில் வால்டர் வேலிக்கு வரவில்லை. ட்ரக்கை நேரே அவள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பேருமாகப் போய், ஒருவர் வாக்கை ஒருவர் வெட்டிவிட்டு, ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். வாக்குச் சீட்டில் அருளினியின் பெயர் இருக்கவில்லை.