ஒப்புதல், இசைவு, சம்மதம்

தேவசகாயம் முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில், அரசு மருத்துவமனை ஒன்றில் மறுபடியும் மாணவரானார். படிவங்களைத் தமிழாக்கும் வேலை. சொல்லித்தருபவர் அறுவை சிகிச்சை டாக்டர் மும்தாஜ். அவரைவிட இருபது வயது இளையவர்.

ஒரு சொல்லில் மூன்று நாளாக நின்றுவிட்டார்.

"கன்சென்ட். அகராதியில ஒப்புதல், இசைவு, சம்மதம் மூணும் இருக்கு, டாக்டர். வார்டுல கேட்டா, கையெழுத்துன்னுதான் சொல்றாங்க. எதைப் போட?"

"வாங்க சார்," என்றார் மும்தாஜ்.

ஏழாவது படுக்கையில் சுடலைமுத்து. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். சர்க்கரை வியாதி, வலது காலில் ஆறாத புண். படிவத்தில் கைநாட்டு வைத்தாயிற்று.

"இதுல என்ன எழுதியிருக்கு, தெரியுமாண்ணே?" என்று கேட்டார் மும்தாஜ்.

"நீங்க சொன்னா சரிதாம்மா."

"முட்டிக்குக் கீழ காலை எடுக்கணும்னு எழுதியிருக்கு."

சுடலைமுத்து காலைப் பார்த்தார். போர்வையை இழுத்து அதை மூடினார்.

"புண்ணைக் கீறி விடுவீங்கன்னுல்லா நெனச்சேன்," என்றார். "வேற வழி இல்லையாம்மா?"

"விரலை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆறினாலும் ஆறும். சீழ் மேல ஏறிட்டா உசுருக்கே ஆபத்து. காலை எடுக்கிறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்."

"வேண்டாம்மா. விரலோட நிப்பாட்டுங்க."

மும்தாஜ் அவசரப்படவில்லை. சுடலைமுத்துவின் மனைவியை வரவழைத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். சுடலைமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகும் அதையேதான் சொன்னார்.

மும்தாஜ் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதினார்.

மறுநாள் காலை மூன்று விரல்களை எடுத்தார்கள். கால் தங்குமா என்று யாருக்கும் தெரியாது.

தேவசகாயம் அறுவை அரங்கின் வாசலிலேயே காத்திருந்தார். மும்தாஜ் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"நீங்க சொன்னது வேற, அவர் கேட்டது வேற. அவர் உயிர் போயிட்டா?" என்றார் தேவசகாயம்.

"அவரும் அதைத்தான் ராத்திரி பூரா யோசிச்சிருக்கார்."

தேவசகாயம் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

"அப்போ எந்தச் சொல்லைப் போட, டாக்டர்?"

"மூணுல எது வேணும்னாலும் போடுங்க சார். கீழ, வேண்டாம்னு எழுத ஒரு கோடு விடுங்க."