மேலாளர் டீ போன இடம்

அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் மேலாளர் சிவசைலம் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் மத்தியானம், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மெஹருன்னிசாவைக் கூப்பிட்டார்.

"இந்த ஜாவா புரோகிராம் உடனே புது டேட்டாபேஸ்ல ஓடணும். ஆனா புரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வராதே."

"சரி சார்" என்று போனவள் பத்தே நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினாள்.

சிவசைலத்துக்குத் தலை சுற்றியது. புரோகிராமின் பழைய பிரதியையும் இப்போது ஓடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"புரோகிராம் ஒரு பேரைச் சொல்லித்தான் டேட்டாபேஸைக் கேக்குது சார். அந்தப் பேருக்கான விலாசம் சர்வர்ல ஒரு பட்டியல்ல இருக்கு. அதுல ஒரு வரி மாத்தினேன்."

"கேக்கறது மாறாம கிடைக்கறது மட்டும் எப்படி மாறும்? யார்கிட்ட கதை விடறே? நாலு மணிக்குள்ள எனக்குப் புரியணும், இல்லைன்னா வேலை போச்சு!"

நாலு மணி ஆயிற்று. அவருக்கு வழக்கமாக வரும் இஞ்சி டீ வரவில்லை. எழுந்து வெளியே வந்தால், அது மெஹருன்னிசாவின் மேஜையில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது.

"யாருய்யா இங்கே வைக்கச் சொன்னது?" என்று கேன்டீன் சோணமுத்துவின் மேல் பாய்ந்தார்.

சோணமுத்து திருதிருவென்று விழித்தார். "தினமும் மாதிரிதான் சார். ரிசப்ஷன் போர்டுல மேலாளர் எந்த சீட்டுன்னு பார்த்தேன். இந்த நம்பர் இருந்துச்சு. மேலாளரே மாறிட்டாங்கன்னு நினைச்சேன்."

மெஹருன்னிசா கோப்பையைச் சிவசைலத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லல சார். போர்டுலதான் ஒரு வரி மாத்தினேன்."